ஃபீடரின் மின்னழுத்தத்தைச் சீர்செய்தல்: முதலில் மின்தேக்கி, பிறகு டேப்

துணைமின் நிலையத்திலிருந்து நுகர்வோருக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் தடமான ஃபீடரின் கடைக்கோடியில் மின்னழுத்தம் குறைகிறது என்ற புகார் வந்ததும் மின்மாற்றியின் டேப்பை (சுருளின் சுற்று எண்ணிக்கையை மாற்றி மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் இணைப்பு) ஒரு படி உயர்த்திவிடுவது எளிது. ஆனால் டேப் மின்னழுத்தத்தை உயர்த்துமே தவிர, ரியாக்டிவ் பவர் எனப்படும் எதிர்வினைத் திறன் (மோட்டார் போன்றவற்றின் காந்தப்புலத்துக்குத் தேவைப்பட்டு, வேலை செய்யாமல் முன்னும் பின்னும் ஓடும் திறன்) தொலைவிலிருந்து கம்பி வழியே வருவதைத் தடுக்காது. எனவே அந்தத் திறனைச் சுமைக்கு அருகிலேயே மின்தேக்கியால் ஈடுசெய்துவிட்டு, எஞ்சும் குறையை மட்டும் டேப்பிடம் விடுவதே முறையாகும்.

துணைமின் நிலையத்திலும் ஃபீடரின் முடிவிலும் ஒரு வாரமாவது கிலோவாட், கிலோவார் (எதிர்வினைத் திறனின் அலகு), வோல்ட் ஆகிய மூன்றையும் பதிவு செய்யுங்கள். உச்சநேர அளவை எல்லோரும் பார்ப்பார்கள். பின்னிரவின் குறைந்தபட்ச அளவையே பலர் விட்டுவிடுகிறார்கள். நிலையாக இணைக்கும் மின்தேக்கி அந்தக் குறைந்தபட்ச கிலோவாரைத் தாண்டினால், சுமை இறங்கும் நேரத்தில் மின்னழுத்தம் வரம்பு மீறி எழும். அதற்கு மேற்பட்ட தேவையை, தானாக இணைந்து விலகும் தொகுதிகளுக்கு ஒதுக்குங்கள்.

மின்தேக்கியின் அளவைக் கணிக்க, இப்போதைய திறன் காரணிக்கும் (மொத்தத் திறனில் வேலை செய்யும் திறனின் பங்கு; ஒரு கோணத்தின் கொசைன்) விரும்பும் திறன் காரணிக்கும் உரிய கோணங்களின் டேன்ஜென்ட் மதிப்புகளைக் கழித்து, வந்ததைக் கிலோவாட்டால் பெருக்க வேண்டும். 100 கிலோவாட் சுமையின் திறன் காரணியை 0.80-இலிருந்து 0.95-க்கு உயர்த்த, 0.75-இலிருந்து 0.33-ஐக் கழித்தால் ஏறத்தாழ 42 கிலோவார் தேவை. இதனால் மின்தேக்கி வரையிலான கம்பியில் மின்னோட்டம் சுமார் 16 சதவீதமும் இழப்பு சுமார் 29 சதவீதமும் குறையும். சுமை சீராகப் பரவிய ஃபீடரில், மொத்த எதிர்வினைத் தேவையில் மூன்றில் இரண்டு பங்கை, தொடக்கத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தொலைவில் வைப்பது நல்ல தொடக்கம். மின்தடை மிகுந்த, எதிர்வினைப்பு (காந்தப்புலத்தால் எழும் தடை) குறைந்த கேபிள்களில் மட்டும் மின்தேக்கியால் மின்னழுத்தம் பெரிதாக உயராது.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மின்தேக்கி தரும் கிலோவார் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் உதவி 19 சதவீதம் குறைந்துவிடும். மேலும், அந்த இடத்தின் குறுக்குச்சுற்றுத் திறனை (அங்கே குறுக்குச்சுற்று நேர்ந்தால் பாயக்கூடிய திறன்) மின்தேக்கித் திறனால் வகுத்து வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள். விடை 5 அல்லது 7-ஐ நெருங்கினால் ஹார்மோனிக் ஒத்ததிர்வு (அடிப்படை அதிர்வெண்ணின் அத்தனை மடங்கு அதிர்வெண் கொண்ட அலைகள் பெருகுதல்) நேரக்கூடும். அப்போது அளவை மாற்றுங்கள், இல்லையேல் மின்தேக்கியுடன் தொடராக ஒரு ரியாக்டரை (கம்பிச்சுருள்) சேருங்கள்.

இனி டேப். மின்சாரத்தைத் துண்டித்தே மாற்ற வேண்டிய டேப் பருவகால அமைப்புக்கு மட்டும் உதவும். 32 படிகளில் கூட்டல் கழித்தல் 10 சதவீதம் சரிசெய்யும் ரெகுலேட்டரில் (டேப்பைத் தானாக மாற்றும் கருவி) ஒரு படி 0.625 சதவீதம். அனுமதிப் பட்டை (டேப்பை மாற்றாமல் விட்டுவைக்கும் மின்னழுத்த ஏற்ற இறக்க எல்லை) அதைப்போல் இருமடங்காவது இல்லாவிட்டால் கருவி ஓயாமல் மேலும் கீழும் ஏறி இறங்கி, தொடுமுனைகளைத் தேய்த்துவிடும். தொடரில் இரண்டு ரெகுலேட்டர்கள் இருந்தால் துணைமின் நிலையத்துக்கு அருகிலுள்ளதற்கு 30 விநாடி, தொலைவிலுள்ளதற்கு 45 விநாடி என்பதுபோல் தாமதத்தை வேறுபடுத்துங்கள்.

ஃபீடரில் சூரிய மின்னுற்பத்தி இருந்தால், ரெகுலேட்டரின் பின்னோட்டத் திறன் அமைப்பையும் பார்த்துவிடுங்கள். நண்பகலில் திறன் துணைமின் நிலையத்தை நோக்கித் திரும்பும்போது, மூலமே மறுபக்கம் மாறிவிட்டதாகக் கருதும்படி அது அமைக்கப்பட்டிருந்தால், தன்னால் மாற்றவே முடியாத துணைமின் நிலையப் பக்க மின்னழுத்தத்தைத் திருத்த முயன்று, டேப்பைக் கடைசிப் படிவரை ஓட்டிவிடும்.