பைக்குள் ஒரு தப்பு: மலையகத்திலிருந்து டிஜே வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு

வெள்ளி எல்ல, சனி நுவரெலியா, ஞாயிறு திரும்பவும் ஹட்டன் பக்கம் லயத்துக்கு, தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டுக்கு. டிஜே டூர் என்றால் நமக்கு இதுதான், விமானமும் இல்லை மேனேஜரும் இல்லை. ஆறு வருசமாக இப்படி ஓடியதில் பிடிபட்டதை, புதிதாகக் கிளம்பும் தம்பி தங்கச்சிமாருக்கு எழுதிவைக்கிறேன்.

முதலில் காலண்டரைப் பாருங்கள். போயா, அதாவது பௌர்ணமி அன்றைக்கு மது விற்கத் தடை, பார்ட்டியும் பெரும்பாலும் இருக்காது. அதனால் திகதி சொன்னவுடனே தலையாட்டாதீர்கள். ஏப்ரல் என்றால் நுவரெலியா சீசன். மே தொடங்கி செப்டம்பர் வரை அறுகம்பேயில் கூட்டம், அப்போது வேலையும் வெல்லவாய, மொனராகலை வழியாகக் கீழே இறங்கிவிடும். வெளியில் ஸ்பீக்கர் கட்டுவதாக இருந்தால் பொலிஸ் அனுமதி எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். "எடுத்துடலாம்" என்று பதில் வந்தால் எடுக்கவில்லை என்று அர்த்தம். பாதிப் பணம் முன்கூட்டியே கைக்கு வரவேண்டும், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பை சின்னதாக இருக்கட்டும். ஒரே பாட்டுகள் ஏற்றிய இரண்டு யுஎஸ்பி, இரண்டையும் எஃப்ஏடி32 என்ற பழைய முறையில் ஃபார்மட் செய்யுங்கள், பழைய பிளேயரும் அதைப் படிக்கும். வயர் உள்ள ஹெட்ஃபோன், மிக்சரில் சொருக ஆர்சிஏ ஆடியோ கேபிள் இரண்டு ஜோடி, உருண்டை பின்னுக்கும் சதுரப் பின்னுக்கும் அடாப்டர். காதுக்கு அடைப்பான் கட்டாயம். 100 டெசிபலில் கால் மணி நேரம் நின்றாலே அன்றைக்குக் காது தாங்கக்கூடிய அளவு முடிந்துவிடுகிறது, நாம் நிற்பதோ மூன்று மணி நேரம்.

யுஎஸ்பி எதற்கு இரண்டு என்று கேட்பீர்கள். எல்லவில் ஒரு ஹோட்டலில் லேப்டாப்பை மட்டும் நம்பிப் போனேன். கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏறியது, வோல்டேஜ் எங்கெங்கோ குதித்தது, சார்ஜர் ஒரு புகையோடு விடைபெற்றது. பேட்டரி ஏற்கனவே செத்த பேட்டரி. இருநூறு பேர் என்னையே பார்த்துக்கொண்டிருக்க, போனில் கிடந்த பாட்டை ஓடவிட்டு அந்த இரவை ஒப்பேற்றினேன்.

இன்னொன்று குளிர். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், விடியக்காலை வேனில் கிடக்கும் மிக்சர் ஐஸ் மாதிரி இருக்கும். அதை அப்படியே கடற்கரைச் சூட்டிலோ ஆள் நிறைந்த ஹோலிலோ திறந்தால், குளிர்ந்த கண்ணாடியில் ஆவி படிவதுபோல உள்ளே எல்லாம் வேர்த்துவிடும். அந்த ஈரத்தோடு சுவிட்ச் போட்டால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் கரகரக்கும், சில நேரம் போர்டே போய்விடும். பையைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வையுங்கள். ஈரம் பைக்கு வெளியே படியும், உள்ளே பெட்டி மெல்லச் சூடேறும். அதுவரை ஒரு தேத்தண்ணி குடிக்கலாம்.

சரி, பாட்டுக்கு வருவோம். முழு செட்டையும் வீட்டிலேயே வரிசை கட்டிக்கொண்டு போகாதீர்கள். பாட்டின் வேகத்தை, நிமிடத்துக்கு எத்தனை அடி என்று, பிபிஎம்மில் சொல்வோம். அதன்படி நான் மூன்று கூடை வைத்திருக்கிறேன்: 118 பிபிஎம்முக்குக் கீழே, 120 முதல் 126 வரை, அதற்கு மேலே. முதல் ஆளாக ஏறினால் கடைசிக் கூடையைத் தொடமாட்டேன். பின்னால் வருகிறவருக்கு ஏற ஒரு படி வேண்டுமே.

எல்லாரும் வைத்திருக்கும் பாட்டையே நீங்களும் போட்டால் அடுத்த முறை உங்களைத்தான் கூப்பிட வேண்டும் என்று என்ன இருக்கிறது? 1977-ல் சிகாகோவில் வேர்ஹவுஸ் கிளப்பில் வாசிக்கத் தொடங்கிய டிஜே ஃப்ராங்கி நக்கிள்ஸ், பழைய டிஸ்கோவை டேப்பில் வெட்டி ஒட்டித் தன் கூட்டத்துக்கு ஏற்ற மாதிரி நீட்டிக்கொண்டார். ஹவுஸ் என்ற நடன இசையின் பெயரே அந்தக் கிளப்பிலிருந்து வந்ததாகத்தான் சொல்வார்கள். அவருக்கு டிஸ்கோ கிடைத்தது, நமக்குத் தப்பு என்ற தோல் பறை இருக்கிறது. காமன் கூத்துக்கும் தேருக்கும் நாம் கேட்டு வளர்ந்த அடி.

எங்கள் தோட்ட டிவிஷனில் தப்பு அடிக்கும் மாமா ஒருவரை வைத்துப் பதிவு செய்தேன். முதல் தடவை முழுக்க வீண். மிஸ்ட் இறங்கிய நேரம், தோல் ஈரம் குடித்துத் தொங்கிவிட்டது, பொத் பொத் என்று சத்தம். மாமா சிரித்துவிட்டு தேயிலை மிலாற்றை, காய்ந்த செடிக் குச்சியை, கொளுத்தி அந்தத் தீயில் தப்பைக் காட்டினார். காட்டிக் காட்டி விரலால் சுண்டிப் பார்த்தார். சுண்டினால் கணீரென்று கேட்டதும் "இப்ப போடு" என்றார். தோல் ஆற ஆறச் சுருதி இறங்கும். அதனால் ரெக்கார்டரை முன்பே வைத்து அளவு பார்த்துவிடுங்கள், சூடேறியதும் சில நிமிடத்துக்குள் எடுத்து முடியுங்கள். போன் மைக் என்றாலும் பரவாயில்லை, நான்கு அடி தள்ளி வையுங்கள், கிட்ட வைத்தால் பிளிறும். வாசித்தவருக்குக் கூலி கொடுங்கள், சும்மா எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

அப்புறம் கம்ப்யூட்டரில். ஹவுஸ் நாலு அடிக்கணக்கு, நான் எடுத்த தப்பு அடி ஆறு. 124 பிபிஎம்மில் ஒரு பார், அதாவது நாலு அடி சேர்ந்த ஒரு சுற்று, ஏறக்குறைய 1.94 வினாடி, அந்த இடத்துக்குள் ஆறு அடியையும் பரப்பினால் ஒவ்வொன்றுக்கும் 0.32 வினாடி. கிக் டிரம் நாலாகப் போக, தப்பு அதன் மேலே ஆறாக உருளும். பாரின் முதல் அடியை மட்டும் கிக்கோடு சேர்த்துக் கட்டுங்கள், மற்ற ஐந்தை கம்ப்யூட்டர் போடும் கிரிட் கோடுகளில் இழுத்துப் பூட்டாதீர்கள். மாமாவின் மூன்றாவது அடி எப்போதும் ஒரு மயிரிழை பிந்தும், அதைத் திருத்தியபோது தப்பு செத்து டிரம் மெஷின் மாதிரி ஆகிவிட்டது, திரும்பப் பழைய இடத்துக்கே தள்ளினேன். கிக்கோடு மோதும் தப்பின் கனத்த கீழ்ச்சத்தத்தைக் கொஞ்சம் வெட்டிவிடுங்கள், தோலின் மேல்சத்தம் தானாக முன்னுக்கு வரும்.

இதை நுவரெலியாவில் முதல் தடவை போட்டபோது வெளிநாட்டுக்காரர்கள் ஆடினார்கள், அது பெரிய விசயமில்லை. பின்னால் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த பையன்கள் மூன்று பேர் கதவடிக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு ஹெட்ஃபோனில் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார். கழற்றிக் கொடுத்துவிட்டு, "இன்னும் ரெண்டு நிமிசம் காய்ச்சியிருக்கணும்" என்றார்.