நூலிழை அவுட்: பேஸ்பால் அம்பயர் வீரர்களிடம் பேசும் முறை

முதல் பேஸில் (பந்தை அடித்த பேட்டர் முதலில் ஓடி மிதிக்க வேண்டிய தளத்தில்) நூலிழையில் வரும் அவுட்டில், பாதிச் சண்டையைத் தீர்ப்புக்கு முன்பே தவிர்த்துவிடலாம். பேஸிலிருந்து 15 முதல் 18 அடி தள்ளி, எறி வரும் கோட்டுக்குச் செங்கோணத்தில் நில்லுங்கள். கண் பேஸில், காது கிளவுஸில்: ஓடி வருபவரின் கால் மிதிப்பதைப் பாருங்கள், கிளவுஸில் பந்து விழும் சத்தத்தைக் கேளுங்கள். பந்து கிளவுஸில் தங்கியதை உறுதி செய்த பிறகே கையைத் தூக்குங்கள். 'அவுட்' சொன்ன மறுநொடி பந்து தரையில் உருண்டால், அதன்பின் அன்று நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள்.

ஹோம் பிளேட்டில் (பேட்டர் நின்று அடிக்கும் தளத்தில்) கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். "எங்க போச்சு?" என்று பேட்டர் கேட்டால், "பிளேட்டின் வெளி ஓரத்தைத் தொட்டது" என்றால் போதும். "அது பால்தான்" (ஸ்டிரைக் எல்லைக்கு வெளியே போன பந்து) என்று முனகினால் பேசாமல் விடுங்கள். பேட்டரோ, பிளேட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சரோ, பந்தை எறியும் பிட்சரைப் பார்த்தபடி மெல்லப் பேசினால் பொறுத்துக்கொள்ளலாம். முனகல் நீண்டால் பிளேட்டுக்கு முன்னால் வந்து, குனிந்து தூரிகையால் மண்ணைத் துடைத்தபடி, "கேட்டுக்கிட்டேன், போதும்" என்று தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். கூட்டத்துக்குத் தெரியாமல் எச்சரிக்கை போய்ச் சேரும். வீரரின் மானமும் காப்பாற்றப்படும். மட்டையால் மண்ணில் கோடு கிழித்து பந்து போன வழியைக் காட்டினால் எச்சரிக்கைக்கு இடமில்லை, வெளியேற்றுங்கள்.

மேனேஜர் வந்தால் முகக்கவசம் இடக்கையில் இருக்கட்டும். கையைக் கட்டாதீர்கள், விரலை நீட்டாதீர்கள். அவர் கேட்பது உங்கள் கணிப்பையா, விதியையா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். விதி 8.02-இன்படி கணிப்பு இறுதியானது. விதியைத் தவறாகப் பயன்படுத்தியதாகச் சந்தேகம் இருந்தால் அவர் முறையிடலாம். விதி என்றால் முழுதாகக் கேட்டு, சக அம்பயரோடு கலந்து பேசுங்கள். கணிப்பு என்றால் ஒரு முறை சொல்லவிட்டு, கண்டதை ஒரே வாக்கியத்தில் சொல்லி நகருங்கள்.

பேஸ்மேனின் (பேஸைக் காக்கும் வீரரின்) கால் பேஸை விட்டு விலகியதா, டேக் செய்யும்போது (ஓடுபவரைப் பந்தால் தொடும்போது) பந்து நழுவியதா என்ற ஐயங்களுக்குச் சக அம்பயரைக் கேட்கலாம். ஓடி வந்தவரின் காலா பந்தா முந்தியது என்பதைக் கேட்காதீர்கள்; அருகில் நின்று பார்த்தவர் நீங்கள்தான். நீங்கள் கேட்காமல் இன்னொரு அம்பயர் தலையிடவும் விதி இடம் தராது. பாதி ஸ்விங்குக்கு (பேட்டர் மட்டையைப் பாதி சுழற்றி நிறுத்துவதற்கு) தனி வழி உண்டு: நீங்கள் 'பால்' என்று சொல்லியிருந்தால், கேட்சரோ மேனேஜரோ கோரும்போது பேஸ் அம்பயரைக் கேட்டே ஆக வேண்டும்.

உங்களைக் குறிவைத்து வசை வந்தாலோ உடலில் கை பட்டாலோ உடனே வெளியேற்றுங்கள். எச்சரித்த பிறகும் வாக்குவாதம் இழுபட்டால் அதற்கும் அதே தண்டனைதான். வெளியேற்றியதும் பின்னால் போகாதீர்கள். அவரை அழைத்துச் செல்வது சக அம்பயரின் வேலை.

தவறு நடந்துவிட்டால்? 2010 ஜூன் 2-ஆம் தேதி டெட்ராய்ட்டில் அம்பயர் ஜிம் ஜாய்ஸ் தவறாக 'சேஃப்' (அவுட் இல்லை) என்றதால் பிட்சர் அர்மாண்டோ கலராகாவின் பெர்ஃபெக்ட் கேம் (எதிரணியில் ஒருவரும் பேஸை எட்டாத ஆட்டம்) பறிபோனது. ஆட்டம் முடிந்து வீடியோவைப் பார்த்த ஜாய்ஸ் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். கலராகா பெருந்தன்மையோடு மன்னித்தார். ஒரு பிட்ச்சைத் தவறவிட்டால் நீங்களும் கேட்சரிடம் ஒரு முறை ஒப்புக்கொள்ளலாம். அதை ஈடுகட்ட அடுத்த பந்தில் தவறான தீர்ப்பு மட்டும் தராதீர்கள்: அதுவரை ஒரு அணியிடம் இருந்த குறை, அப்போதே இரண்டு அணிகளுக்கும் வந்துவிடும்.