பாதம் கழுவும் பணியை அன்றாட வாழ்வில் கைக்கொள்வது எப்படி?

புனித வெள்ளிக்கு முந்தின நாளான பெரிய வியாழன் ஆராதனையில் யோவான் 13-ஆம் அதிகாரம் வாசிக்கப்படும்போது, தன் பாதத்தைக் கழுவ இடங்கொடாத பேதுருவின் மறுப்பையும் ஆண்டவருடைய மறுமொழியையும் மனத்தில் வாங்கிக்கொள்ளும் நாம், அதற்கு முன்னால் வரும் சிறுசிறு செயல்களைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். ஆண்டவர் பந்தியை விட்டு எழுந்தார், மேலாடையைக் கழற்றி வைத்தார், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார், பாத்திரத்தில் தண்ணீர் வார்த்தார், சீஷர்களின் பாதங்களைக் கழுவினார், கட்டியிருந்த துண்டாலேயே துடைத்தும் விட்டார். தண்ணீர் கொண்டுவரும்படி அவர் எவரையும் ஏவவில்லை. துடைக்கும் வேலையை வேறொருவரிடம் தள்ளிவிடவில்லை. சற்று நேரத்தில் தம்மைக் காட்டிக்கொடுக்கப் புறப்படவிருந்த யூதாசும் அந்தப் பந்தியில்தான் இருந்தான். தாழ்மை உள்ளத்தில் ஊறி வரட்டும், பிறகு பணிசெய்வோம் என்று காத்திருப்பவர்கள் பல ஆண்டுகள் காத்துக்கொண்டே இருப்பதைச் சபைகளில் காண்கிறோம். முதலில் கை பழகினால் உள்ளம் பின்னாலேயே வந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே கை பழகுவதற்கான வழிகளையே இங்கே எழுதுகிறேன்.

வீட்டிற்குள் தொடங்குங்கள்

அதிகாலையில் எழுந்து குழம்பு வைத்துவிட்டு, பிள்ளைகளைக் கிளப்பி, ஓட்டமும் நடையுமாய் ஆலயத்துக்கு வந்து சேர்ந்த தாயோ மனைவியோ, ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும் மறுபடி அடுப்படிக்குள் நுழைகிறார். அதே ஆராதனையில் வேதபாடம் வாசித்த ஆண்மகன் மின்விசிறியின் கீழ் உட்காருகிறார். இந்த நிலை மாறாத வீட்டிலிருந்து புறப்பட்டு ஊருக்குத் தொண்டு செய்யப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. இரவில் சேரும் பாத்திரங்கள், கழிப்பறை, படுக்கையில் இருக்கும் தகப்பனாரின் விரிப்பு என்று வீட்டில் ஒரு வேலையைத் தெரிந்தெடுத்து அதை உங்கள் பொறுப்பாகவே ஏற்றுக்கொள்ளுங்கள். "நான் உதவட்டுமா?" என்று அவ்வப்போது கேட்பது, அந்த வேலை இன்னமும் அவருடையதுதான் என்று சொல்லாமல் சொல்வதாகும். சோப்பு தீர்ந்துபோயிற்றா என்று பார்த்து வாங்கி வைப்பதும் பொறுப்பில் அடங்கும். வீட்டு வேலைக்கு வருகிறவருக்கென்று தனி டம்ளர் வைத்திருந்தால் அதை இன்றைக்கே அகற்றிவிடுங்கள். அவருடைய சம்பளத்தைக் குறித்த தேதியில் கொடுங்கள்.

ஒருவரை, ஒரு நாளை, ஒரு வேலையை

வீட்டுக்கு வெளியே செல்லும்போது, சபையிலோ தெருவிலோ ஒரே ஒருவரைத் தெரிந்துகொள்வது நல்லது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனியாக வாழும் முதியவர், பக்கவாதத்தில் விழுந்த கணவரைக் கவனித்துக்கொள்ளும் பெண், டயாலிசிஸுக்கு வாரந்தோறும் போய்வருபவர் என்று சபை வட்டாரமாகிய ஒவ்வொரு சேகரத்திலும் இத்தகையோர் இருக்கிறார்கள். கிறிஸ்மஸ் நாளில் பத்துப் பேருக்குப் பழமும் ரொட்டியும் கொண்டுபோவதைக் காட்டிலும், ஒருவரிடம் செவ்வாய்தோறும் மாலை ஐந்து மணிக்குப் போய் நிற்பது கடினம். அந்தக் கடினத்தில்தான் ஊழியம் இருக்கிறது. ஆதிச் சபையில் அன்றாடப் பந்தி விசாரிப்பில் சில விதவைகள் விடுபட்டுப் போனபோது, அப்போஸ்தலர் ஏழு பேரை அதற்கென்றே ஏற்படுத்தினார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரம் சொல்கிறது. அன்பு இருந்த இடத்திலும் ஆளும் ஒழுங்கும் தேவைப்பட்டன.

போனவுடன் எதையும் செய்யத் தொடங்காதீர்கள், கேளுங்கள். பர்திமேயு பார்வையற்றவன் என்பது சுற்றியிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தும், "நான் உனக்கு என்ன செய்யவேண்டும்?" என்றே ஆண்டவர் அவனிடம் கேட்டார். நீங்கள் சாப்பாடு கொண்டுபோக நினைத்திருக்க, அந்த அம்மாவுக்கு வேண்டியது ஜன்னல் கொக்கியைச் சரிசெய்து கொடுப்பதாகவோ, மகனோடு வீடியோவில் பேச ஃபோனைச் சரிப்படுத்தித் தருவதாகவோ இருக்கலாம். "ஒன்றும் வேண்டாம் தம்பி, சும்மா உட்காரு" என்று அவர் சொன்னால் உட்கார்ந்திருங்கள். வேதவசனம் வாசிப்பதற்கும் ஜெபிப்பதற்கும்கூட அனுமதி கேட்பதே முறை, ஏனெனில் படுக்கையில் கிடப்பவரால் எழுந்து போய்விட முடியாது.

பாதங்களைப் பராமரிக்கும் விதம்

நம் காலத்தில் பாதம் கழுவுவது அடையாளச் சடங்காக மட்டும் நிற்க வேண்டியதில்லை. நெடுங்காலம் சர்க்கரை நோயுள்ள முதியோர் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடுகிறது. குனிந்து உள்ளங்காலைப் பார்க்க முதுகு இடம்கொடுப்பதில்லை. பார்த்தாலும் கண் தெளிவாக இல்லை. வலி தெரியாததால் சிறிய புண் பெரிதாகி, விரலையோ காலையோ இழக்கும் நிலை வருகிறது. 1946-இல் வேலூருக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால்கள் நோயினால் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி அற்றுப்போனதால் தெரியாமல் ஏற்படும் காயங்களே அவற்றைச் சிதைக்கின்றன என்று விளக்கி, அவர்களுக்கேற்ற மென்மையான காலணிகளைச் செய்விப்பதிலும் ஈடுபட்டார். பேர்பெற்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவர் செருப்பின் அடித்தட்டைப் பற்றிக் கவலைப்பட்டதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். அவர் கற்றுத்தந்த கவனம் சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கும் பொருந்தும்.

செய்யும் விதம் இதுதான். முதியவரை நாற்காலியில் வசதியாக உட்காரவைத்து, நீங்கள் தரையில் உட்காருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரை உங்கள் முழங்கையால் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அவருடைய பாதம் சூட்டை அறியாது. நெடுநேரம் ஊறவைக்காமல், மென்மையான சோப்பால் கழுவி, பழைய பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள். விரல்களுக்கு இடையில் ஈரம் தங்கக் கூடாது. பிறகு வெளிச்சத்தில் உள்ளங்கால், குதிகால், விரலிடுக்கு ஆகியவற்றைப் பாருங்கள். சிவப்பு, கொப்புளம், வெடிப்பு, நிறமாற்றம், தைத்திருக்கும் முள் ஆகியவையே தேடவேண்டியவை. புண் கண்டால் வீட்டு மருந்து எதுவும் போடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரங்களைக் குடைய வேண்டாம். கால் ஆணியை பிளேடால் சீவவே கூடாது. குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் தடவ வேண்டாம். கடைசியாகச் செருப்புக்குள் கையை விட்டுக் கல்லோ ஆணியோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இதை அன்றாடம் செய்வதற்கு வீட்டிலுள்ளவருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டு வாருங்கள்.

இதனோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வரும் வழக்கமுள்ள ஆலயங்களில், சித்திரை வைகாசி வெயிலில் கொதிக்கும் முற்றத்தைக் கடக்கும் முதியவருக்குச் சூடு உறைக்காமலேயே பாதம் வெந்துபோகலாம். அவர்கள் காலணியோடு உள்ளே வருவதற்கு ஆயரிடம் பேசி ஏற்பாடு செய்வதும் பாதம் கழுவும் பணியைச் சேர்ந்ததே.

படுத்த படுக்கையாக இருப்பவரானால், இரண்டு மணி நேரத்துக்கொரு முறை பக்கம் மாற்றிப் படுக்கவைப்பதும், இடுப்பு எலும்பு, முதுகின் அடிப்பகுதி, குதிகால் ஆகிய இடங்கள் சிவக்கின்றனவா என்று பார்ப்பதும், உட்காரவைத்து உணவூட்டி அரைமணி நேரமாவது அப்படியே சாய்த்து வைத்திருப்பதும் முக்கியம். உடல் துடைக்கும்போது கதவைச் சாத்தி, துடைக்கும் பகுதி தவிர மற்றதைப் போர்த்தி வையுங்கள்.

காகித வேலையும் ஊழியமே

கையெழுத்து நடுங்குகிறவருக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுப்பதும், அரசு மருத்துவமனையில் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கி வைப்பதும் பெரிய உதவிகள். தமிழ்நாட்டில் ஆதரவற்ற முதியோருக்கான மாத உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது; இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின் கீழ் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் உரிய மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. உரிமையாக வரவேண்டியதைப் பெற்றுக்கொடுத்தால், அவர் உங்களுக்கு நன்றிக்கடன் பட்டவராக உணர வேண்டியதில்லை.

சபைக்குள்

சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகையில் பரிமாறப் பலர் முன்வருகிறார்கள். அண்டா கழுவ ஆள் தேட வேண்டியிருக்கிறது. நீங்கள் அண்டாப் பக்கம் போங்கள். எச்சில் இலை எடுங்கள். ஆலயக் கழிப்பறையைச் சுத்தம்செய்ய முறை வைத்துப் பட்டியல் போட்டால், கமிட்டி உறுப்பினர்களும் சபை மூப்பர்களும் அதில் முதலில் தங்கள் பெயரை எழுதட்டும்.

ஆனால் இங்கே தயங்காமல் சொல்ல வேண்டியது சாதியைப் பற்றியது. யார் எந்த வேலையைச் செய்வது என்பதைப் பிறப்பு தீர்மானிக்கும் சமூகத்தில் கிறிஸ்துவின் துண்டை இடுப்பில் கட்டுகிறவர், அந்தத் தீர்ப்பை மீறித்தான் ஆகவேண்டும். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் சாதிச் சுவர் நிற்கிறது. ஒடுக்கப்பட்ட குடும்பத்துக்கு அரிசி கொடுத்துவிட்டு அவர்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்குகிறவர் இன்னும் பந்தியை விட்டு எழவேயில்லை. அவர்கள் வீட்டில் சாப்பிடுங்கள். அவர்களை உங்கள் வீட்டில் உங்களோடு உட்காரவைத்துப் பரிமாறுங்கள். திருமணச் சம்பந்தம் பேசும் நேரத்தில் மௌனமாகிவிடாதீர்கள். ஆலய வளாகத்தின் மலக்குழி நிரம்பினால், மனிதரை உள்ளே இறக்காமல் இயந்திர லாரியை அழையுங்கள். பாதுகாப்பு ஏற்பாடுகளின்றி மனிதரை அதில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நாம் செய்யக்கூடாதது அது.

மறைவும் ஓய்வும்

செய்ததைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். உதவி பெறுகிறவரின் முகம் உங்கள் சாட்சிக்குரிய பொருள் அல்ல. அவருடைய நோய், கடன், குடும்பச் சண்டை ஆகியவற்றை "ஜெபக் குறிப்பு" என்ற பெயரிலும் அவர் சம்மதமின்றி வெளியே சொல்லாதீர்கள். திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் அரை நூற்றாண்டுக் காலம் பிள்ளைகளை வளர்த்து 1951-இல் மறைந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல், தம் கல்லறைக்குக் கல் வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். பிள்ளைகள் அங்கே பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றை மட்டும் வைத்தார்கள்.

களைப்பு வரும். வந்துபோகிறவர்கள் மிகுதியாக இருந்ததால் சாப்பிடவும் நேரமில்லாதிருந்த சீஷர்களை, தனித்த இடத்துக்கு வந்து சற்று இளைப்பாறும்படி ஆண்டவரே அழைத்தார். களைப்பை மறைத்துக்கொண்டு எரிச்சலோடு செய்கிற பணிவிடையை நோயாளி உடனே உணர்ந்துவிடுவார். ஆகவே தொடக்கத்திலேயே இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் நோயில் படுக்கும்போது மற்றவர் கொண்டுவரும் கஞ்சியைக் கூச்சமின்றி வாங்கிக் குடியுங்கள். பேதுருவும் தன் காலைக் கழுவவிட வேண்டியிருந்தது.

நீங்கள் போகமுடியாத வாரத்தை முந்தின நாளே அந்த முதியவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள், வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க விடாதீர்கள். மாத்திரை வேளைகள், கடைசியாகப் பாதத்தைப் பார்த்த தேதி, மருத்துவரின் எண், அவருக்குப் பிடித்த கீர்த்தனை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி அவர் தலைமாட்டில் வைத்திருந்தால், உங்களுக்குப் பதிலாக வருகிறவர் அவரிடம் எல்லாவற்றையும் புதிதாகக் கேட்டுத் தொல்லைப்படுத்த நேராது.