கிராஞ்சிப் பண்ணையில் பழக்கன்று வாங்குவோர் கவனத்திற்கு

சிங்கப்பூரின் கிராஞ்சிப் பகுதியில் குடும்பமாக நடத்தப்படும் நாற்றுப் பண்ணைகளில் சிக்கு எனப்படும் சப்போட்டா, ஜம்பு, கஸ்தூரி எலுமிச்சை போன்ற பழைய கம்பத்து (கிராமத்து) மரங்களின் கன்றுகளைத் தேடும்போது, அது விதையில் முளைத்ததா, ஒட்டு அல்லது பதியம் போட்டதா என்று முதலில் கேளுங்கள். விதைக்கன்றான சிக்கு காய்க்க ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் ஆகலாம். ஒட்டுக்கன்றும் பதியமும் பெரும்பாலும் மூன்று, நான்கு ஆண்டுகளிலேயே காய்த்துவிடும்.

ஒட்டுக்கன்றானால், ஒட்டிய இடத்துத் தழும்பு மண்ணுக்கு மேலே தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். வீட்டில் தொட்டி மாற்றும்போதும் அதைப் புதைக்காதீர்கள். அதற்குக் கீழே கிளைக்கும் துளிர்களை உடனுக்குடன் கிள்ளிவிடுங்கள், இல்லையேல் ஒட்டுக்கு வேராக நிற்கும் அடிமரத்தின் கிளையே செழித்து, நீங்கள் விரும்பி வாங்கிய ரகம் நலிந்துபோகும். பலர் கன்றை இழப்பது இங்கேதான் என்பது என் அனுபவம்.

ஆண்டுக்குச் சுமார் 2,100 மில்லிமீட்டர் மழை பெய்யும் நம் தீவில் வறட்சியைவிட வேரழுகலே பெரிய பகை. ஆகவே தோட்டமண்ணுடன் மக்கிய உரமும், நீர் வடிய உதவும் பெர்லைட் என்னும் இலேசான வெண்துகளோ பருமணலோ கலந்து நிரப்புங்கள். மாவுப்பூச்சிக்கு, சில துளி சோப்பு சேர்த்த நீரில் கலக்கிய வேப்பெண்ணெயை மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளித்தால் போதும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு நடைபாதையில் வைப்பவர்கள் 1.2 மீட்டர் வழியை விட்டுவைப்பது கட்டாயம். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெருகாதபடி தொட்டித் தட்டில் தேங்கும் நீரை அன்றாடம் கொட்டிவிடுங்கள்.