மொட்டைமாடிக்கு மேல் ட்ரோன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஏற்காட்டில் ஒரு ப்ரீ வெட்டிங் ஷூட். காபித் தோட்டத்து ஓரம் வெயில் சாயக் காத்திருந்தோம். சற்றுத் தள்ளி இரண்டு பையன்கள் புது ட்ரோனை மேலே ஏற்றினார்கள். அது நேராகத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு மேலே போய் நின்றது. குழாயடியில் துவைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவர் துவைக்கிற துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

"தம்பி, இறக்குங்க" என்றேன்.

"மரத்தைத்தான் எடுக்கிறோம்ணா. அவங்களை எடுக்கலை."

எனக்குச் சுருக்கென்றது. அதே வார்த்தையை நானும் ஒரு காலத்தில் சொன்னவன். பேட்டரி சார்ஜ் போடாமல் போவது, மெமரி கார்டை மறப்பது, காற்றடிக்கும்போது ஏற்றுவது போன்றவற்றை ஒருமுறை பட்டால் நீங்களே திருத்திக்கொள்வீர்கள். பக்கத்து வீட்டுக்காரரை இழுத்துவிடும் தவறுகள் அப்படியல்ல. பட்டபிறகு திருத்த ஒன்றும் மிச்சமிருக்காது. அவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

காசு கொடுப்பவர் சரி சொன்னால் போதும் என்று நினைப்பது

விழா வீட்டுக்காரரின் சம்மதம் அவர் வீட்டு மாடியின் கைப்பிடிச் சுவரோடு முடிந்துவிடும். சேலத்தில் குகை, செவ்வாய்ப்பேட்டை மாதிரிப் பழைய பகுதிகளில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கும். ட்ரோன் பத்தடி நகர்ந்தாலே வேறொருவர் வீடு.

இப்போதெல்லாம் முந்தின நாள் சாயங்காலமே போய்விடுகிறேன். இந்தப் பக்கம் நாலு வீடு, அந்தப் பக்கம் நாலு வீடு, பின் தெருவில் நாலு வீடு. "நாளைக்கு இத்தனை மணிக்கு ஏத்துவேன், கால் மணி நேரத்தில் இறக்கிடுவேன், பிடிக்கலைன்னா கூப்பிடுங்க" என்று நம்பரைச் சீட்டில் எழுதிக் கொடுப்பேன். வேண்டாம் என்று இதுவரை சொன்னவர்கள் இரண்டே பேர். ஒரு பாட்டி, "மேலே போறதுதான் போறே, என் வீட்டு ஓடு உடைஞ்சிருக்கான்னு பாத்துச் சொல்லு சாமி" என்றார். இரண்டு ஓடு விரிசல் விட்டிருந்தது. படத்தை அவர் பேரனுக்கு அனுப்பிவைத்தேன்.

திரையில் ஆள் தெரியவில்லை, அதனால் ஆள் இல்லை

இதுதான் எனக்கு இன்னும் ஆறாதது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஆறேழு வருடம் இருக்கும். அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு கிரகப்பிரவேசம். ஹோமம் முடிந்து, பசுவை உள்ளே அழைத்துப்போகிற நேரம், அப்போதுதான் நன்றாக விடிந்திருந்தது. "மேலேருந்து வீடு முழுசாத் தெரியணும் தம்பி" என்றார் வீட்டுக்காரர். அறுபது மீட்டர் ஏற்றினேன். கேமராவை நேர் கீழே திருப்பி, இரண்டு நிமிடம் மெதுவாகச் சுழலவிட்டேன். செல்போன் திரையில் கூரைகள், ஒரு தென்னை, தறிக்கூடத்துத் தகரம். மனிதர்கள் எறும்பளவு.

ட்ரோன் தரைக்கு வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பின் தெருவிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். "எங்க வூட்டுப் பொம்பளைங்க குளிக்கிறதையா எடுக்கறே?" என்று ஒருவர் சட்டையைப் பிடித்தார்.

"சத்தியமா இல்லீங்கண்ணா. இந்த வீட்டை மட்டும்தான் எடுத்தேன். வேணும்னா போட்டே காட்டுறேன், வாங்க."

நான் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினேன். புது வீட்டுக் கூடத்தில் புதிதாக மாட்டியிருந்த பெரிய டிவியில் கார்டைச் செருகினேன். வந்தவர்களும் விருந்தாளிகளுமாக இருபது பேராவது நின்றிருப்பார்கள்.

செல்போனில் எறும்பாக இருந்தது டிவியில் எறும்பாக இல்லை. பின் தெரு வீட்டின் புறக்கடையில் நான்கு சுவர் மட்டும் வைத்த, கூரையில்லாத குளியலறை. உள்ளே ஒரு பெண், பாவாடையை மார்போடு ஏற்றிக் கட்டி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முகம் தெளிவாக இல்லை. முகம் எதற்கு? அது யார் வீட்டுப் புறக்கடை என்று அந்தத் தெருவுக்கே தெரியும். ரிமோட்டைத் தேடினேன், கிடைக்கவில்லை. வயரைப் பிடுங்குவதற்குள் பத்து விநாடி ஓடிவிட்டது.

பெரியவர்கள் நடுவில் வந்ததால் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போகவில்லை. கார்டை அவர்கள் கண்ணெதிரே உடைத்தேன். வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த வட்டாரத்தில் இரண்டு வருடம் எனக்கு ஒரு ஆர்டரும் வரவில்லை. அதெல்லாம்கூட மறந்துவிட்டது. கிளம்பும்போது அந்தப் பெண்ணின் மாமியார் வாசலில் நின்று கேட்டார்: "எடுத்தது தெரியாம நடந்துச்சு, சரி. இத்தனை ஆம்பளைங்களுக்குப் போட்டுக் காட்டணுமா தம்பி?"

கணக்கு போட்டுப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். பெரும்பாலான ட்ரோன்களில் இருப்பது 24 மிமீக்குச் சமமான அகல லென்ஸ். அறுபது மீட்டரிலிருந்து நேர் கீழே பார்த்தால் தரையில் சுமார் 90 மீட்டர் அகலம் படத்தில் விழும். 4கே வீடியோவின் அகலம் 3840 புள்ளிகள். அதாவது ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய இரண்டேகால் சென்டிமீட்டர். முகம் பிடிபடாது, ஆனால் அவர் கூட்டுகிறாரா குளிக்கிறாரா, உடுத்தியிருப்பது சேலையா பாவாடையா என்பதெல்லாம் தெரியும். நீங்கள் பார்ப்பதோ, ஆறங்குலத் திரையில், வெயில் கண்ணாடியடிக்க, அதைவிடக் குறைந்த தரத்தில் வந்து சேரும் நேரலைப் படம். கார்டில் பதிவது வேறு.

இதில் இன்னொரு கோணல் இருக்கிறது. மரியாதையாக எட்ட நிற்கிறோம் என்று நினைத்துப் புதியவர்கள் மேலே மேலே ஏற்றுகிறார்கள். ஏற ஏறச் சட்டகத்துக்குள் வீடுகள் கூடிக்கொண்டே போகும். பதினைந்து மீட்டரில் நின்றால் அகலம் இருபத்திரண்டு மீட்டர் சொச்சம்தான்; ஒரு மனையும் இரண்டு பக்கமும் கொஞ்சம் சந்தும். டாப் ஷாட் வேண்டுமென்றால் விழா வீட்டுக்கு நேர் மேலே, தாழ எடுங்கள். உயரம் வேண்டுமென்றால் கேமராவைத் தொடுவானத்தை நோக்கி நிமிர்த்திக்கொள்ளுங்கள், பின்னணியில் சேர்வராயன் மலை விழட்டும், அதுவே அழகு. ரெக்கார்ட் பட்டனைத் தரையிலேயே அழுத்திவிட்டு ஏற்றும் பழக்கத்தை விடுங்கள். காலை ஆறிலிருந்து ஏழரை வரை பழைய தெருக்களில் நேர் கீழே பார்க்கவே பார்க்காதீர்கள்.

யாராவது புகாரோடு வந்தால் முதலில் ட்ரோன் தரைக்கு வரட்டும். வாதாடாதீர்கள். படத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் அந்த வீட்டுப் பெண் ஒருவரே, அவருக்கு நம்பிக்கையான ஓர் ஆளோடு, தனியாக உட்கார்ந்து பார்க்கட்டும். அழிக்கச் சொன்னால் அவர் எதிரிலேயே அழியுங்கள்.

மலையில் உயரத்தைத் திரையில் படிப்பது

திரையில் காட்டும் உயரம் நீங்கள் ஏற்றிய இடத்திலிருந்து கணக்கிடுவது. கீழே உள்ள தரையிலிருந்து அல்ல. சேலத்துச் சமவெளியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. ஏற்காட்டில் இல்லை. பங்களா வாசலில் ஏற்றுகிறீர்கள், லைன் வீடுகள் நாற்பது மீட்டர் மேட்டில் இருக்கின்றன என்று வையுங்கள். திரை ஐம்பது மீட்டர் என்று சொல்லும்போது ட்ரோன் அவர்கள் கூரைக்கு மேலே பத்து மீட்டர்கூட இல்லாமல் இரைந்துகொண்டிருக்கும். எதிர்ப்பக்கம், பகோடா பாயின்ட் மாதிரி விளிம்பில் ஏற்றி வெளியே விட்டால், திரையில் ஐம்பது காட்டும்போதே பள்ளத்துத் தரையிலிருந்து 120 மீட்டர் என்ற சட்ட வரம்பைத் தாண்டியிருப்பீர்கள்.

லைன் வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வரமாட்டார்கள். தோட்ட முதலாளியின் விருந்தாளியிடம் யார் போய்ச் சண்டை போடுவது? சேலத்தில் வசதியானவர்கள் இருக்கும் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பங்களா மாடிக்கு மேல் அதே பையன்கள் ஒரு நிமிடம் நிறுத்திப் பார்க்கட்டும்.

திரும்பும் வழியை மறப்பது

சிக்னல் அறுந்தாலோ பேட்டரி குறைந்தாலோ ட்ரோன் தானாக ரிட்டர்ன் டு ஹோமுக்குப் போய்விடும். தெருவைச் சுற்றி நீங்கள் போட்ட பாதையெல்லாம் அதற்குத் தெரியாது. ஏற்றிய இடத்தைப் பார்த்து, எல்லார் மாடிக்கும் மேலே, பெரும்பாலும் நேர்கோட்டில் வரும். வரும் உயரத்தை முன்பே போட்டுவையுங்கள். ஏற்காட்டில் சில்வர் ஓக் மரங்களையும் கணக்கில் சேருங்கள். ஒருமுறை ஆத்தூர் சாலையில் என் ட்ரோன் பேட்டரி தீர்ந்து ஜவ்வரிசி காய்கிற களத்தின் நடுவில் இறங்கியது. இறக்கைக் காற்றில் பறந்த ஜவ்வரிசிக்கு நான் விலை கொடுத்தேன்.

ஜூம் லென்ஸ்

மலைக்கும் கோபுரத்துக்கும் மட்டும்.

"250 கிராமுக்குக் கீழேண்ணா, சட்டம் கிடையாது"

பாதி உண்மை. 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரையுள்ள நானோ வகைக்கு பைலட் சான்றிதழ் தேவையில்லை. 2 கிலோ வரையுள்ள மைக்ரோ வகைக்கும், வியாபாரத்துக்கு இல்லையென்றால், தேவையில்லை. கல்யாண ஷூட் வியாபாரம்தான்; இதைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள். விதி மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தையும் பாருங்கள். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில்கூட 200 அடிதான். ஓமலூர்ப் பக்கத்து மண்டபங்களில் ஷூட் என்றால் நமக்குக் காமலாபுரம் விமான நிலையம் இருப்பது ஞாபகம் இருக்கட்டும்.

பக்கத்து வீட்டு விஷயத்தில் எடைக்கு வேலையே இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு, ஒருவரின் அந்தரங்க உறுப்புப் பகுதியைச் சம்மதமின்றித் தெரிந்தே படமெடுப்பதையும் வெளியிடுவதையும் அனுப்புவதையும் குற்றமாக்குகிறது. மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 354சி இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 77ஆம் பிரிவு. தனிமையில் இருக்கும் பெண்ணைப் பார்ப்பது, படமெடுப்பது மட்டுமல்ல, அந்தப் படத்தைப் பரப்புவதும் அதற்குள் வரும். முதல் முறைக்கே ஒன்று முதல் மூன்று ஆண்டு சிறை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். எடுத்தது கைதவறி என்று நீங்கள் நிரூபித்துவிடலாம். அடுத்தவருக்கு அனுப்பியதும் கைதவறித்தான் என்று எப்படி நிரூபிப்பீர்கள்?

ஆடித் திருவிழாக் கூட்டத்துக்கு மேலே

வேண்டாம்.

எடுத்த எல்லாவற்றையும் பெண்ட்ரைவில் கொடுப்பது

ஆல்பமும் எடிட் செய்த வீடியோவும் போக, "ரா ஃபுட்டேஜும் கொடுத்துடுங்க" என்று, வெட்டாத மூலப் பதிவையும் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கேட்பவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் வீட்டுப் பையன் அதில் எதை வெட்டி ஸ்டேட்டஸில் வைப்பான் என்று அவருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் பெரிய திரையில், கதவைச் சாத்திக்கொண்டு, ட்ரோன் கிளிப் ஒவ்வொன்றையும் கடைசிவரை ஓட்டிப் பார்க்கிறேன். அடுத்த வீட்டு முற்றமோ குளியலறையோ விழுந்திருந்தால் அந்த கிளிப்பே போய்விடும், எவ்வளவு நல்ல ஷாட்டாக இருந்தாலும். ட்ரோன் ரா யாருக்கும் கிடையாது என்று ஆர்டர் சீட்டிலேயே அச்சடித்துவிட்டேன். போன தை மாதம் ஒருவர் இதற்காகவே பாக்கியில் ஐந்தாயிரம் பிடித்துக்கொண்டார். இன்னும் தரவில்லை. நானும் ராவைக் கொடுக்கவில்லை.