சூரைக்கு வாளை சொந்தம், மயில்மீன் தூரம்: கடல் மீன்களின் குடும்ப மரம் வரைவது எப்படி?

மீன் மார்க்கெட்டில் வெள்ளை வவ்வாலும் கருப்பு வவ்வாலும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். பேரும் வவ்வால், வடிவமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் வெள்ளை வவ்வால் சூரைக்குச் சொந்தம். கருப்பு வவ்வாலோ பாறை என்ற மீனின் குடும்பம். திறந்த கடலில் நீந்தும் மீன்களில் இப்படி ஆளை ஏமாற்றும் ஜோடிகள் நிறைய உண்டு. பதினொரு மீன்களை வைத்து அவற்றின் பரிணாம உறவை மரமாக வரைந்து பார்ப்போம். விலங்கியல் படித்திருக்க வேண்டியதில்லை. பேப்பர், பென்சில், நெட் உள்ள போன் இருந்தால் போதும்.

படி 1: பட்டியல் போடுங்கள்

சுறா, மத்தி, கோலா, சூரை, அயிலை, வாளை, வெள்ளை வவ்வால், மயில்மீன், பாறை, கருப்பு வவ்வால், நாக்குமீன்.

கோலா என்றால் பறக்கும் மீன். வாளை என்பது வெள்ளி நாடா போல நீண்ட கடல் வாளை. ஆற்று வாளை வேறு. மயில்மீனுக்கு ஈட்டி மூக்கும், முதுகில் விரிந்து நிற்கும் பெரிய துடுப்பும் இருக்கும். நாக்குமீன் தரையோடு ஒட்டிக் கிடப்பது, இதற்கு இங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

ஊருக்கு ஊர் மீன் பேர் மாறும். அயிலையைச் சென்னையில் கானாங்கெளுத்தி என்பார்கள். அதனால் ஒவ்வொன்றுக்கும் அறிவியல் பேரையும் எழுதிக்கொள்ளுங்கள். அயிலைக்கு ராஸ்ட்ரெல்லிகர் கனகுர்த்தா. இதில் முதல் சொல் பேரினம், இரண்டும் சேர்ந்தால் இனம். ஃபிஷ்பேஸ் இணையதளத்தில் பேரைத் தேடினால் படத்தோடு கிடைக்கும், இலவசம்தான்.

படி 2: குடும்பத்தைக் குறியுங்கள்

அதே பக்கத்தில் குடும்பப் பேரும் இருக்கும். சூரையும் அயிலையும் ஸ்கோம்பிரிடே குடும்பம், வஞ்சிரமும் அதில்தான். பாறையும் கருப்பு வவ்வாலும் கராஞ்சிடே. மற்றவை ஆளுக்கொரு குடும்பம். ஒரே குடும்பத்தில் இருப்பவற்றை இப்போதே பென்சிலால் வளைத்து வையுங்கள். மரத்தின் நுனிக் கிளைகள் அங்கிருந்துதான் தொடங்கும்.

படி 3: மீனைக் கையில் எடுத்துப் பாருங்கள்

இதைத் தவிர்க்காதீர்கள், படத்தில் தெரியாதது கையில் தெரியும். சூரையின் முதுகிலும் வயிற்றுப் பக்கத்திலும், பெரிய துடுப்புகள் முடிந்த பிறகு வால் வரைக்கும் குட்டிக் குட்டித் துடுப்புகள் வரிசையாக நிற்கும். அயிலைக்கும் அப்படியே. அடுத்து வால் சேரும் இடத்தைத் தடவிப் பாருங்கள். சூரைக்குப் பக்கத்துக்கு மூன்று மேடுகள், நடுவில் இருப்பது பெரியது. அயிலைக்கு அந்த நடு மேடு கிடையாது, சின்னது இரண்டு மட்டும்.

பாறை மீனில் விரலை வால் பக்கத்திலிருந்து தலையை நோக்கி ஓட்டினால், பக்கக்கோட்டின் பின்பகுதியில் கடினமான செதில் வரிசை ரம்பம் போலக் கீறும். குதத் துடுப்புக்கு முன்னால் தனியாக நிற்கும் இரண்டு முட்களும் அந்தக் குடும்பத்தின் அடையாளம். கருப்பு வவ்வாலின் வால் அடியில் அதே செதில் வரிசை மெலிதாக இருக்கும். வெள்ளை வவ்வாலில் எவ்வளவு தடவினாலும் அது அகப்படாது.

வங்கடையைக் கையில் எடுத்தால் மட்டும் கவனம். அதற்கும் சூரை போலக் குட்டித் துடுப்புகள் உண்டு, உடம்பும் அதே உருளை. ஆனால் பக்கவாட்டில் பெரிய செதில் வரிசை இருக்கும், அது பாறைக் குடும்பம். வேகமாக நீந்த வேண்டிய கட்டாயம் ஒன்றாக இருந்தால், உறவில்லாத மீன்களுக்கும் ஒரே மாதிரி உடம்பு அமைந்துவிடும். இதைக் குவிபரிணாமம் என்பார்கள். ஒரே ஒரு அடையாளத்தை நம்பி உறவு சொல்லக் கூடாது என்பது இதனால்தான்.

படி 4: குடும்பங்களை இணையுங்கள்

இங்கே கண்ணும் கையும் போதாது, டிஎன்ஏ வேண்டும். பழைய வகைப்பாடுகளில் மயில்மீனையும் வாள்மீனையும் (ஸ்வார்ட்ஃபிஷ், வாளை அல்ல) சூரையோடு சேர்த்தே வைத்திருந்தார்கள். மூன்றும் பெரிய உடல், வேக நீச்சல், மூன்றும் உடம்பின் ஒரு பகுதியைக் கடல்நீரைவிடச் சூடாக வைத்துக்கொள்பவை. நியாயமான முடிவாகத்தான் தெரிந்தது. ஆனால் சூடாக்கும் முறையைப் பாருங்கள்: சூரை, நீச்சல் தசையில் பிறக்கும் வெப்பத்தை ரத்தக்குழாய் வலை மூலம் வெளியே போகாமல் பிடித்துக்கொள்கிறது. மயில்மீனிலோ கண்ணை அசைக்கும் தசை ஒன்று மாறி, கண்ணுக்கும் மூளைக்கும் மட்டும் சூடு தருகிறது. தனித்தனியாகத் தோன்றிய இரண்டு ஏற்பாடுகள்.

2013ல் ஜப்பானின் மசாகி மியாவும் குழுவினரும் வெளியிட்ட டிஎன்ஏ ஆய்வு, சூரைக் குடும்பத்தை வேறு 14 கடல் மீன் குடும்பங்களோடு ஒரே கிளையில் வைத்தது. வாளை அதில் உண்டு, வெள்ளை வவ்வாலும் உண்டு. உருண்டை, நாடா, தட்டு என்று ஆளுக்கொரு வடிவம். அதனால்தான் இந்த உறவு அத்தனை நாள் கண்ணில் படவில்லை. இந்தக் கிளைக்கு இன்றைய பேர் பெலாஜியாரியா. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்தபோது பெரிய வேட்டை மீன்கள் பலவும் கடலில் ஒழிந்தன. அந்தக் காலி இடத்தில்தான் இவை பரவின என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

மயில்மீன் போய்ச் சேர்ந்த இடம் கராங்கேரியா. கூட இருப்பவை பாறை, சீலா, அப்புறம் நம் நாக்குமீன்! கடலின் வேகக்காரரும் மணலில் படுத்துக் கிடப்பவரும் ஒரே கிளை. எனக்கு இந்த மரத்திலேயே பிடித்த இடம் இதுதான்.

கோலா ஓவலென்டேரியா என்ற கிளை. திலாப்பியாவும் மடவையும் அங்கேதான். இந்தக் கிளை கராங்கேரியாவுக்குப் பக்கம். மத்தி ரொம்பத் தள்ளி. அயிலையைவிட கெண்டைக்கும் கெளுத்திக்கும்தான் அது நெருக்கம். சுறா குருத்தெலும்பு மீன், அது எல்லோருக்கும் வெளியே.

படி 5: அடைப்புக்குறியில் எழுதுங்கள்

மரத்தை ஒரே வரியில் எழுத நியூவிக் என்றொரு முறை இருக்கிறது. உறவினர்களை ஒரு அடைப்புக்குறிக்குள் போட்டு, நடுவில் காற்புள்ளி, கடைசியில் அரைப்புள்ளி. அவ்வளவுதான். 1986ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் நியூவிக்ஸ் என்ற கடலுணவு ஓட்டலில் ஆய்வாளர்கள் கூடி இதை முடிவு செய்தார்கள், பேரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. மீன் மரம் வரைய இதைவிடப் பொருத்தமான முறை ஏது!

உள்ளிருந்து வெளியே போங்கள். முதலில் (சூரை,அயிலை). அதை வாளையோடும் வெள்ளை வவ்வாலோடும் சேர்த்து அடுத்த குறி. இன்னொரு பக்கம் (பாறை,கருப்பு_வவ்வால்). இப்படியே போனால்:

(சுறா,(மத்தி,(((சூரை,அயிலை),வாளை,வெள்ளை_வவ்வால்),(கோலா,(மயில்மீன்,நாக்குமீன்,(பாறை,கருப்பு_வவ்வால்))))));

திறக்கும் குறி எட்டு, மூடும் குறியும் எட்டு. எண்ணிப் பாருங்கள், ஒன்று குறைந்தாலும் மரம் வராது. பேருக்குள் இடைவெளி விடாமல் அடிக்கோடு போட வேண்டும். நியூவிக் வியூவர் என்று தேடினால் கிடைக்கும் இலவசக் கருவி ஒன்றில் இந்த வரியை ஒட்டினால் மரம் திரையில் வரும். தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பேப்பரிலேயே வரையுங்கள்.

சில இடங்களில் மூன்று கிளைகள் ஒரே புள்ளியில் பிரிவதைக் கவனித்திருப்பீர்கள். மயில்மீன், நாக்குமீன், பாறை மூன்றில் யாருக்கு யார் இன்னும் நெருக்கம் என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. அங்கே பிரிக்காமல் விடுவதுதான் நேர்மை.

படி 6: மரத்தைப் படியுங்கள்

எந்த மீன் எதன் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டாம். கிளைகளைத் திருப்பி வைத்தாலும் மரம் மாறாது. இரண்டு பேரிலிருந்தும் கோட்டைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போய், அவை சந்திக்கும் புள்ளியைப் பாருங்கள். அதுதான் பொது மூதாதை. சூரையும் வாளையும் சீக்கிரமே சந்திக்கும். சூரையும் மயில்மீனும் சந்திக்க இன்னும் பின்னால் போக வேண்டும். கடைசியில் இருக்கும் மீன் உசத்தி, முதலில் இருப்பது மட்டம் என்றும் கிடையாது. சுறாவும் இன்றைய மீன்தான்.

சரி, இப்போது நீங்களே நான்கு மீன்களைச் சேருங்கள். வஞ்சிரம் சூரையின் குறிக்குள், வங்கடை பாறையின் குறிக்குள் போகும். மற்ற இரண்டு கடல் சூரியமீனும் பேத்தையும், ஒன்றுக்கொன்று சொந்தம். இரண்டையும் ஒரு குறிக்குள் போட்டு, சூரைக் கிளைக்கும் கோலாக் கிளைக்கும் பக்கத்தில் மூன்றாவது கிளையாக வையுங்கள். குறி பத்துக்குப் பத்து வராது. ஒன்பதுக்கு ஒன்பது வந்தால் சரி.