பர்ன்அவுட் பாரடைஸ்: புதிதாக ஆடுபவர்கள் கோட்டை விடும் இடங்கள்

கிரைட்டீரியன் கேம்ஸ் உருவாக்கி 2008-இல் வெளிவந்து, 2018-இல் மெருகேறி மறுபடி வந்த கார் ரேஸ் வீடியோ கேமான பர்ன்அவுட் பாரடைஸில் ரேஸுக்கென்று வேலி போட்ட பாதை கிடையாது. கிளம்பும் சிக்னலும் போய்ச் சேரும் இடமும்தான் சொல்வார்கள். நடுவில் எந்தத் தெருவில் நுழைவது என்பது உங்கள் பாடு. வேகம் போதாமல் தோற்பவர்களைவிட வழி தவறித் தோற்பவர்களே அதிகம் என்பேன்.

முன்னால் ஓடும் காரையே பின்தொடர்வது, மூலையில் உள்ள குட்டி வரைபடத்தையே உற்றுப் பார்ப்பது, இரண்டுமே ஆபத்து. பார்வை வரைபடத்தில் இருக்கும் அரை நொடியில் எதிரே வரும் வேன் மேல் ஏறியிருப்பீர்கள். திரும்ப வேண்டிய சந்திப்பு நெருங்கும்போது திரையின் மேலே தெருவின் பெயர் மின்னும், காரின் இண்டிகேட்டரும் சிமிட்டும். அதைக் கவனித்தாலே போதும். முடிவிடங்கள் மொத்தமே 8. மேற்கே மலைப்பக்கம் இருக்கும் காற்றாலைப் பண்ணைக்கு எந்தெந்தச் சாலை ஏறுகிறது என்று போட்டி இல்லாத நேரத்தில் சும்மா ஓட்டிப் பார்த்துவிடுங்கள். மற்ற ஏழுக்கும் அப்படியே.

அடுத்தது பூஸ்ட், அதாவது பட்டனை அழுத்தினால் கிடைக்கும் கூடுதல் வேகம். அது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைத் திரையில் ஒரு பட்டை காட்டும். எல்லாக் காரையும் ஒரே மாதிரி ஓட்டுகிறார்கள். ஸ்பீட் வகைக் கார்களில் பட்டை முழுசாக நிரம்பிய பிறகுதான் பூஸ்ட் பிடிக்கும். பிடித்தபின் வளைவைக் கண்டு பயந்து பட்டனை விட்டால் தொடர் அறுந்துவிடும். எதிர்த்தடத்தில் புகுந்து, வண்டிகளை உரசாமல் ஒட்டிப் போய், ஒரே மூச்சில் பட்டையைக் காலி செய்தால் அது மறுபடி நிரம்பும். இந்த விளையாட்டின் உச்சகட்டச் சுகமே அதுதான். அக்ரஷன் வகைக்கு இந்தப் பொறுமை தேவையில்லை, எதிராளிகளின் கார்களை இடித்தால் போதும், பட்டை நிரம்பும்.

சரி, இடிப்பதிலும் ஒரு முறை உண்டு. பின்னாலிருந்து முட்டிக்கொண்டே இருப்பதைவிட, பக்கத்தில் வந்து சுவரை நோக்கியோ எதிர்வரும் வண்டியை நோக்கியோ தள்ளுங்கள். எதிராளிகளின் கார்களை நொறுக்குவதே போட்டியான ரோடு ரேஜில், உங்கள் கார் நொறுங்கும் நிலைக்கு வந்ததும் இன்னும் ஒரு டேக்டவுன் (எதிராளியின் காரை நொறுக்குவது) என்று ஆசைப்படாமல் பழுதுபார்க்கும் கடைக்குள் புகுந்து வெளியே வாருங்கள். நிறுத்தவே வேண்டாம், ஓட்டத்திலேயே சரியாகிவிடும்.

அப்புறம் ஷோடைம், அதாவது உங்கள் காரையே சாலையில் உருட்டி மற்ற வண்டிகளை மோதிப் புள்ளி சேர்க்கும் ஆட்டம். காரை உருட்டி உருட்டி நொறுக்கும்போது அருகில் உள்ள சின்னக் கார்களையே தேடாதீர்கள். பேருந்தை மோதினால்தான் புள்ளிகளைப் பெருக்கும் எண் ஏறும். தூரத்தில் ஒன்று தெரிந்தால் மற்றதை விட்டுவிட்டு அதன்மேல் போய் விழுங்கள்.